சாம்பிளும் சரக்கும்

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால்தான் படி ஏறும்போது முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னிடமே கேட்டு எட்டு மாதம் ஆகிறது, போன் செய்தால் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். குடோனுக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, இனி மழைக்குப் பெட்டிகள் நனையாது. ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வந்திருந்தாள், பேச்சுவாக்கில் உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. தலையில் முடி நடும் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்துவிட்டாயாம், ஒரே நாளில் முன்பக்கம் முழுக்க அடர்த்தியாக நட்டுத் தருகிறார்களாம். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, கடையில உக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு என்றாயாம். நீ சொன்னதில் தப்பு இல்லை.

பெண் வீட்டார் வந்த அன்று நடந்ததைச் சொல்லாமல் மேலே எழுதக் கை வரவில்லை. சுருள்முடி நெற்றியில் விழுகிற உன் இருபத்திரண்டு வயசுப் போட்டோவை உன்னைக் கேட்காமல் அனுப்பியவன் நான். நீ வந்து உட்கார்ந்ததும் பெண்ணின் சித்தி, போட்டோல இருந்தது இவரோட தம்பியா என்று கேட்டாள். பழைய போட்டோம்மா, தப்பு என்மேல்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நானோ, வண்டியில வர்ற வழியில சரக்கு கொஞ்சம் உதிர்ந்துடுச்சு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய், அடுத்த மாதமே இப்போது இருக்கிற ஊருக்கு வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாய். முப்பது வருஷமாக டைல்ஸ் விற்கிறேன், சாம்பிள் ஒன்றைக் காட்டி வேறு சரக்கை யார் வீட்டிலும் இறக்கியதில்லை. பெற்ற பிள்ளை விஷயத்தில் அதைச் செய்துவிட்டு, பழியையும் உன் தலையிலேயே போட்டேன்.

திங்கட்கிழமை, நம்மிடம் டைல்ஸ் எடுத்த தோல் டாக்டரிடம் போனேன். உன் முடி எதுவரை கொட்டும் என்று அறிய முதலில் என் தலையைப் பார்க்க வேண்டும் என்றார். பக்கத்து முடியை இழுத்து நடுவில் பரப்பி வைத்திருக்கிறேனே, அதை அவர் விரலால் விலக்கியபோது கூசிப்போய்விட்டேன். உன் தலையில் நடப்பது என்னிடமிருந்து வந்தது, அதைத்தான் சபையில் கேலி செய்திருக்கிறேன்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நாளைத் தள்ளிப்போடு என்றுதான் கேட்கிறேன். டாக்டர் விளக்கினார், பின்னந்தலை முடியைத்தான் எடுத்து முன்னால் நடுகிறார்கள், எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. தரை போடுகிற எல்லோரிடமும் நான் சொல்வேனே, உடைந்தால் மாற்ற இரண்டு பெட்டி தனியாக எடுத்து வையுங்கள், அதே பேட்ச் மறுபடி வராது என்று, அந்த இரண்டு பெட்டிதான் உன் பின்னந்தலை. உனக்கு இருபத்தாறு வயசு, கொட்டுவது இன்னும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் இப்போதே முன்வரிசையில் இறக்கிவிட்டால், நாளைக்கு அதற்குப் பின்னால் வெறிச்சோடும், அடைக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மண் இன்னும் அமுங்கி இறங்கிக்கொண்டிருக்கிற தரையில் டைல்ஸ் ஒட்டக்கூடாது என்பது உனக்கே தெரியும். ஒரு வருஷம் மருந்து எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர், அது உனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அங்கேயே நல்ல டாக்டரிடம் காட்டி ஆரம்பி, கொட்டுவது அடங்கிய பிறகு நெற்றிக்கோட்டைக் கொஞ்சம் மேலேயே வைத்துத் திட்டம் போடச் சொல், அதுவும் அவர் சொன்னதுதான். அந்த ஆபரேஷனின்போது நான் வந்து கூட இருக்கிறேன், நீ சரி என்றால். வேண்டாம் என்றால் அம்மாவை அனுப்புகிறேன்.

இங்கே யாரும் உன்னைப் பற்றிக் கேலி பேச இனி என் வாய் துணை போகாது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்தப் பழைய போட்டோவை எடுத்துவிட்டேன், இடம் காலியாக இருக்கிறது. நோய்நொடி இல்லாமல், எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து உட்கார்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மறக்காமல் இப்போது எடுத்த போட்டோ ஒன்று அனுப்பு. தொப்பி வேண்டாம்.

உன்னைச் சபையில் விட்டுக்கொடுத்த,
அப்பா