சத்தம் போடாத பெட்டி

14 ஜூன் 2005, செவ்வாய்

மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. மதியம் மாமனார் மறுபடி ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, ஆத்துல மாவு மில்லா நடத்தறேள்? கண்ணை மூட முடியலையே."

என் பழைய கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம். துறைமுகத்தில் கிரேன் சத்தத்துக்கு நடுவே உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவருக்கு என் விசிறி மட்டும் காதில் குத்துகிறது.

அணைத்துவிட்டேன். வேறென்ன செய்ய? டாக்குரியாவில் இது அவர் வீடு. என் கம்பெனி கல்கத்தா ஆபீசை மூடியதிலிருந்து ரஞ்சனாவின் பாங்க் சம்பளத்தில் சாப்பிடுகிற வீட்டோடு மாப்பிள்ளை நான். எழுதிப் பார்த்தால்தான் உறைக்கிறது.

22 ஜூன்

சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனி. மித்ரா என்பவர் பேசினார். விளையாடுகிறவன் ஓடித் திரிகிற இடத்தை 'லெவல்' என்பார்கள். அப்படி ஒன்றை முழுதாகக் கட்டி, துர்கா பூஜை விடுமுறைக்கு முன் கொண்டுவந்து காட்ட வேண்டும். பிடித்தால் வேலை.

நான் கட்டப்போவது டாக்குரியா ஸ்டேஷன், மேம்பாலத்தோடு.

வீட்டில் சொன்னேன். "முப்பத்து நாலு வயசுல விளையாட்டா?" என்று மாமனார் கேட்கவில்லை. பேப்பரைத் திருப்பினார். கேட்டே இருக்கலாம்.

2 ஜூலை, சனி

பழைய கம்ப்யூட்டர் இந்த வேலைக்குத் தாங்காது. புதிதாக அசெம்பிள் செய்ய வேண்டும். ஆபீஸ் செட்டில்மென்டில் மிச்சமிருப்பதற்குள் முடிய வேண்டும். ஹாலில் எனக்கென்று இருக்கிற மூலைக்குள் அடங்க வேண்டும். மாமனார் தூங்க வேண்டும்.

சாந்தினி மார்க்கெட்டில் கடைக்காரன் சிரித்தான். "சின்னதா வேணும், வேகமா வேணும், வாயே திறக்கக் கூடாது, செலவும் ஆகக் கூடாது. தாதா, நீங்க கம்ப்யூட்டர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

விசிறியே இல்லாத கிராபிக்ஸ் கார்டு ஒன்று செகண்ட் ஹாண்டில் கிடைத்தது. அலுமினியத் தகடுகள்தான் சூட்டை இழுத்து வெளியே விடும். கம்ப்யூட்டரை வைக்கிற சின்னக் கேபினட் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு எட்டாது. சியால்தா பக்கம் ட்ரங்குப் பெட்டி செய்கிறவரிடம் தகரத்திலேயே அடிக்கச் சொல்லிவிட்டேன். மூடி முழுக்க ஓட்டை போடச் சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சூடு மேலே போக வேண்டாமா?

30 ஜூலை

ஓடுகிறது!

ஒரே ஒரு பெரிய விசிறி, மெதுவாகச் சுற்றுகிறது. சைக்கிள் ட்யூபை வெட்டி அதற்கு வாஷர் போட்டேன். ஹார்ட் டிஸ்க் அதிராமல் இருக்க ரஞ்சனாவின் தையல் டப்பாவிலிருந்து பாவாடை எலாஸ்டிக் எடுத்து ஊஞ்சல் மாதிரி கட்டித் தொங்கவிட்டேன். ட்ரங்குக்காரர் வழக்கமான பச்சைப் பெயின்டையே அடித்துக் கொடுத்துவிட்டார். இருக்கட்டும்.

மதியம் முழுக்க ஓடியது. மாமனார் குறட்டைதான் கேட்டது. இந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு காரியத்தை உருப்படியாகச் செய்திருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதானே செய்தது. அப்புறம் என்ன வருத்தம்?

31 ஜூலை

இதுவரை கட்டியதை ஒரு சி.டி.யில் பிரதி எடுத்துவைத்தேன். ஸ்டேஷன் முடிந்தது. பாலம் இனிமேல்தான்.

18 செப்டம்பர், ஞாயிறு

கொலு வருகிறது. மாமியார் வருஷா வருஷம் துறைமுகக் குவார்ட்டர்ஸ் காலத்து ட்ரங்குப் பெட்டிகளை அடுக்கி, பலகை போட்டு, மேலே பட்டு வேஷ்டி விரித்துப் படி கட்டுவார். என் மூலைதான் கொலு மூலை. இந்த வருஷம் ஒரு ட்ரங்கு அடியில் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. "ஏழு படிக்குக் கொறஞ்சு இந்தாத்துல வெச்சதே இல்லை" என்று புலம்பல். என் பெட்டியை ஜாண் போட்டு அளந்து பார்த்தார். நான் சிரித்தேன்.

அமாவாசை சாயங்காலத்துக்குள் மூலையைக் காலி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

2 அக்டோபர், ஞாயிறு

பாலம் முடிந்தது. பாலத்தடி வெற்றிலைக் கடை, தண்டவாள ஓரத்தில் காய்கிற சேலைகள், எல்லாம் இருக்கிறது. பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது, சொல்ல ஆளில்லை.

கடைசி வேலை வெளிச்சம். எந்தச் சுவரில் எவ்வளவு வெயில், எங்கே நிழல் என்று கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போடும். நாளை சாயங்காலம் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை மித்ராவிடம் கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் பூஜைக்கு ஊரே மூடிவிடும்.

ரஞ்சனாவிடம் சொன்னேன்: "மானிட்டரைத்தான் அணைச்சிருக்கேன். பெட்டி ஓடிண்டிருக்கு. யாரும் தொடவேண்டாம்." "சரி" என்றாள். லீவு போட்டிருக்கிறாள், நாளை வீட்டில்தான் இருப்பாள்.

3 அக்டோபர், திங்கள், மகாளய அமாவாசை

எழுதியே ஆக வேண்டும்.

வாழையிலை, பூ, கொண்டைக்கடலை வாங்க என்னை லேக் மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டம், திரும்ப நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் ஏழு படி. சாயங்காலம் கிரகணமாம், அதற்குள் முடிக்க வேண்டுமென்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். மானிட்டர் கட்டில்மேல் கிடக்கிறது. என் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது, முதல் படிக்குக் கீழே. மூடிமேல் பலகை, பலகைமேல் வேஷ்டி, அதன்மேல் செட்டியார் பொம்மையும் செட்டியாரம்மாவும். ப்ளக்கைக்கூடப் பிடுங்கவில்லை. அதே போர்டில் சீரியல் லைட் செருகியிருந்தது.

வேஷ்டிக்கு அடியில் கையை விட்டேன். தோசைக்கல் சூடு. ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"மாமி, ஒரு நிமிஷம் இதை எடுத்துடறேன்."

"என்ன மாப்பிள்ளை, மரப்பாச்சி வெச்சாச்சு, கலசம் வெச்சாச்சு. விஜயதசமி முடியாம படியைக் கலைப்பாளோ யாராவது? எனக்கு ரெண்டு பொண் கொழந்தேள் இருக்கு."

மாமனார்: "ஒம்பது நாள்தானே. பொட்டி எங்கே போயிடப்போறது?"

ரஞ்சனாவைச் சமையலறையில் பிடித்தேன். சொன்னேனே, சொன்னேனே உன்கிட்ட!

"சொன்னேள். அம்மா கேட்டப்போ காதை வெச்சுக்கூடப் பார்த்தேன். சத்தமே வரலை. அணைச்சுட்டுப் போயிட்டேள்னு நெனச்சேன்."

அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

4 அக்டோபர்

மித்ராவுக்குப் போன். லெவல் ரெடி, கம்ப்யூட்டர் கொலுப்படிக்கு அடியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். மரியாதையாக, "வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தால் பாருங்கள் கிரிதர்பாபு" என்றார்.

7 அக்டோபர், வெள்ளி

இன்று சுண்டல், கடலைப்பருப்பு. வந்தவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாஷிமா, "கீ ஷுந்தோர்!", என்ன அழகு என்று ஏழு படியையும் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

9 அக்டோபர், ஞாயிறு

எல்லோரும் துர்கா பூஜைப் பந்தல் பார்க்கப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. கொலு முன்னால் உட்கார்ந்தேன். செட்டியாரை நகர்த்தினால், பலகையைத் தூக்கினால் போதும். டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு பழையபடி வைத்துவிடலாம். யாருக்குத் தெரியும்?

வேஷ்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். மரப்பாச்சிக்குப் பயந்தேனா? இல்லை. அவர்கள் திரும்பி வந்து பார்த்தால் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது என்றுதான் பயந்தேன். இந்த வீடு என்னை அப்படி ஆக்கி வைத்திருக்கிறது. இல்லை, நானே அப்படி ஆகிவிட்டேன். மித்ரா சொன்ன வெள்ளிக்கிழமை வேறு போய்விட்டது. நுனியை விட்டுவிட்டேன்.

13 அக்டோபர், வியாழன்

படி கலைத்தாயிற்று. பெட்டியைத் திறந்தேன். எலாஸ்டிக் சூட்டில் இளகி, டிஸ்க் தகரத்தின்மேல் விழுந்து கிடந்தது. வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். டிக், டிக், டிக். அவ்வளவுதான்.

பாலம் போயிற்று.

மாமியார் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ளே இருக்கறதையெல்லாம் எடுத்துட்டா அடுத்த வருஷத்துக்கும் ஆகும், இல்லையா மாப்பிள்ளை?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

21 நவம்பர்

மித்ரா கம்பெனியில் வேறு பையனை எடுத்துவிட்டார்கள்.

24 செப்டம்பர் 2006, ஞாயிறு

ஜாதவ்பூர். மாமனார் வீட்டை விட்டு வந்தாயிற்று. சைபர் கஃபேயில் மெஷின் ரிப்பேர் செய்கிறேன், பின்னால் இருக்கிற அறையில் இருக்கிறேன். ஜூலை சி.டி.யை எடுத்து, பாலத்தை முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரஞ்சனா எப்போதும்போல் ஞாயிற்றுக்கிழமை வந்தாள், சுண்டல் டப்பாவோடு. அங்கே கொலு வைத்தாயிற்றாம், ஏழு படி. பச்சைப் பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்களும் அனுப்பவில்லை. எப்போது திரும்பி வருவேள் என்று அவளும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

வாசற்படியிலேயே நின்று காதைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கம்ப்யூட்டருக்கு மலிவு கேபினட், மூன்று விசிறி. பேசினால் காதில் விழாது.

"என்ன இது, இவ்வளவு சத்தம்?"

"ஓடிண்டிருக்கு" என்றேன்.