பூட்டிய முழவுகள் குறித்து வெள்ளுப்பட்டினத்தார்க்கு

செம்பொறை நாடும் அதன் பன்னிரு துறைகளும் உடைய மாவெயினன் விடுக்கும் ஓலை.

வெயிலையும் கடலையும் உப்பாக்கி உலகுக்கு ஈயும் வெள்ளுப்பட்டினத்தின் பள்ளித்துணைக் குழுமத்தார்க்கும், அக்குழுமத்தின் தலைவியாய் விளங்கும் உப்பளத் தொழிலாட்டி பூங்கண்ணியார்க்கும் நலம் பெருகுக. உங்கள் பாத்திகளைக் காலமல்லாத மழை தீண்டாதிருக்க. உங்கள் கலங்கள் போன வழியே பிழையாது மீள்க. உங்கள் பிள்ளைகள் உங்களினும் உயர்ந்து வாழ்க.

வாழ்த்துக்குப் பின் கட்டளை வருவது அரச ஓலையின் முறைமை. இவ்வோலையிலோ வாழ்த்துக்குப் பின் ஒரு குற்றம் வருகிறது. குற்றம் செய்தோர் நாமே.

நம் தந்தையார் காலத்தில் உங்கள் பட்டினத்தில் அரண்மனைச் செலவில் ஐந்து பள்ளிகள் எழுந்தன. எண்ணும் எழுத்தும் கற்பிக்க ஆசிரியரை அரண்மனை அனுப்பியது. அதற்கு மேல் ஒன்றும் அனுப்பவில்லை. அதனைக் கண்டு அளத்தாரும் வலைஞரும் கயிறு திரிப்போரும் ஒன்றுகூடி, வீட்டுக்கு ஒரு மரக்கால் உப்பு என ஆண்டுதோறும் ஈந்து, பிள்ளைகளுக்கு முழவும் பாட்டும் கூத்தும் ஓவியமும் பயிற்றுவிக்க வல்லாரை அமர்த்தினீர்கள். எவரும் உங்களை ஏவவில்லை. எவரிடமும் நீங்கள் புகழ் கேட்கவில்லை.

சென்ற தைத் திங்களில், மேலைக்கோட்டு நாட்டுத் தூதரை உடன் அழைத்துக்கொண்டு நாம் உங்கள் துறைப்பள்ளிக்கு வந்தோம். பிள்ளைகள் நண்டும் நாரையும் பற்றிய கூத்தொன்றை ஆடினர். அதில் கதை சொல்லியவள் செள்ளை என்னும் பத்து வயதுச் சிறுமி. அவள் இயல்பாகப் பேச முற்பட்டால் முதல் எழுத்திலேயே நா நின்றுவிடும் என்பதும், முழவாசிரியர் ஏறனார் தாளத்தோடு சொற்களைச் சொல்லப் பழக்கியமையால்தான் அன்று தடையின்றிப் பேசினாள் என்பதும் பின்னரே அறிந்தோம். கூத்து முடிந்ததும் அவளை அருகே அழைத்து, இக்கலைகளை உனக்கு அளித்தவர் யார் என வினவினோம். அரசர் என்ற விடை வரும் என்று, தூதர் கேட்க அதைச் சொல்வாள் என்று, எதிர்பார்த்தே வினவினோம்.

அவள் முழவின் மேல் விரல்களை மெல்லத் தட்டியபடி, “சுவரு ராசா குடுத்தாரு. பாட்டும் முழவும் எங்க ஊரு குடுத்துச்சு” என்றாள்.

தூதர் மேலாடையால் வாயை மூடிக்கொண்டு நகைத்தார். நாமும் உடன் நகைத்து, நம் கழுத்து முத்துமாலையை அவளுக்கு அணிவித்தோம். அந்த நகைப்பு பொய், மாலையும் பொய்.

மூன்றாம் நாளே, தலைநகர் திரும்பும் வழியிலிருந்து, நம் ஓலை உங்களுக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் அயலார் கை புகலாகாது. ஊரார் ஈவன யாவும் தலைநகர்க் களஞ்சியத்துக்கு வருக. அங்கிருந்து நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாய்ப் பகிரப்படும் என்று அதில் எழுதுவித்தோம். சமம் என்ற சொல்லை நாமே தேடி எடுத்தோம். எவரும் மறுக்க இயலாத சொல் அது என்பதனால் எடுத்தோம். முழவுகள் அறையில் வைத்துப் பூட்டப்பட்டன. ஏறனார் வெளியேற்றப்பட்டார். நீங்கள் அனுப்பிய உப்போ களஞ்சியத்தில் கிடந்து, மழைக்காற்றில் பாதி கசிந்து போயிற்று. எந்த ஊர்ப் பள்ளிக்கும் அதில் ஒரு பிடியும் சென்றதில்லை.

பங்குனியில் பூங்கண்ணியார் படகிலும் கால்நடையாகவும் ஒன்பது நாள் வழி கடந்து நம் வாயிலுக்கு வந்தார். ஆறு நாள் அங்கே நின்றார். மேல்மாடத்திலிருந்து அவரைக் கண்டோம். அவருக்கு மோரும் சோறும் கொடுக்கச் சொன்னோம், முகம் கொடுக்கவில்லை. ஆறாம் நாள் வடக்கு வாயில் வழியே வேட்டைக்குப் போனோம். திரும்பி வருகையில் அவர் இல்லை. நெஞ்சு இலேசானது போல் இருந்தது என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஆவணியில், துறைப்பள்ளியில் பாதி இடம் வெறிதாய்க் கிடக்கிறது என்று தலைமை ஆசிரியர் எழுதினார். பிள்ளைகளின் சோம்பல் என்று எண்ணி, அதட்டித் திருத்த நாமே வந்தோம். குடையும் கொடியும் இன்றி, காவலர் இருவரோடு உச்சிவேளையில் அளத்தில் இறங்கினோம். உப்பு வாரிக்கொண்டிருந்த பூங்கண்ணியார் நம்மை அறிந்துகொண்டார். உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்கவில்லை.

“ராசா குடுத்தது பத்தலைன்னு நாங்க எப்பவாச்சும் சொன்னோமா? எங்க புள்ளைங்களுக்கு எங்களால ஆனதைக் குடுத்தோம். அது தப்பா?” என்று கேட்டார். அப்போது ஓர் உப்புக் குவியலின் பின்னே ஒரு சிறுமி ஓடி ஒளிந்தாள். யார் அது என்றோம்.

“செள்ளை. ஏழு மாசமா வாயைத் தொறக்கலை. பள்ளிக்கூடமும் போறதில்லை. தன் வாயாலதான் எல்லாருக்கும் முழவு போச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கு. இல்லைடி கண்ணுன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது. எப்படி நம்பும்? அது நெசந்தானே?” என்றார்.

நாம் குதிரையேறித் திரும்பினோம். அங்கேயே மண்டியிட்டுச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது ஓலையில் எழுத நேர்ந்ததும் அந்தக் கோழைமையினாலேயே.

இனி நாம் என்று எழுதக் கூசுகிறது. இக்குற்றத்தை அரியணை செய்யவில்லை, நான் செய்தேன். எழுத்தர் பிழை என அறிவித்தால் அரசின் மானம் நிற்கும் என்று அமைச்சர் கூறினர். ஒரு பொய்க் காரணத்தை எழுதுவித்தமையால் நேர்ந்தது போதும், இரண்டாவது வேண்டாம் என்று மறுத்தேன்.

ஆகவே முன்னைய ஓலை இன்றோடு செல்லாது. முழவறையின் திறவுகோல் குழுமத்தார் கையில் ஒப்படைக்கப்படுக. உங்கள் பள்ளிகளில் நீங்கள் விரும்பும் கலையை, விரும்பும் ஆசிரியரைக் கொண்டு கற்பியுங்கள். அதற்கு அரண்மனையின் இசைவு வேண்டியதில்லை. ஏனைய ஊர்ப் பள்ளிகளுக்கு முழவும் ஆசிரியரும் அரண்மனையே அனுப்பும். சமன் செய்ய மெய்யாக எண்ணியிருந்தால் அதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். ஏறனார் கடல் கடந்து தென்தீவுக்குப் போனதாகக் கேள்வி. கலம் விடுத்திருக்கிறேன், அவர் வருவாரோ, என் கலத்தில் ஏற மறுப்பாரோ, அறியேன். மறுத்தால் அவர் மேல் வருத்தமில்லை.

இவ்வோலை ஐந்து பள்ளிகளிலும் பிள்ளைகள் முன் படிக்கப்படுக. செள்ளை பள்ளிக்கு வாராளாயின், பூங்கண்ணியார் அவள் இருக்கும் இடத்தில், அவளுக்கு விருப்பமுள்ள பொழுதில் படித்துக் காட்டுவாராக. கேட்க வேண்டாமென்று தலையசைத்தால் நிறுத்திவிடுக. கேட்பாளாயின் அவள் அறிய வேண்டியது இவ்வளவே: மகளே, நீ சொன்னது மெய். முழவுகளைப் பூட்டியது உன் சொல் அன்று. அதைப் பொறாத என் செருக்கு. நீ சுமந்த பழி என்னுடையது. அதைத் திருப்பிக் கொடு.

புரட்டாசித் திங்கள் ஐந்தாம் நாள், அவையோர் அனைவரும் காண, என் கையால் எழுதி, என் விரற்பொறி பதித்தேன். உங்கள் ஊர் வாழ்க. அதன் பிள்ளைகள் பேசுக.

ஓலை கொண்டு செல்லும் தூதனுக்குக் கட்டளை: கொடுத்ததும் திரும்புக. அவர்கள் மன்னித்தார்களா என்று கேட்டு வரற்க.