மாமா விட்டுப்போன கறுப்புப் பெட்டி

ஜூன் 12, 1934. செவ்வாய்.
விடாத மழை. கடைக்குள் வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்க வந்தவர்கள்.
மாமா இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து பங்கு பிரித்தார்கள். வீடு மகனுக்கு. தெல்தெனியத் தென்னந்தோட்டம் மகள்மாருக்கு. தங்கை மகன் எனக்கு, அவர் சொல்லிவைத்த வசிய்யத்தாக, ஒரு பழைய கேமரா. தோலெல்லாம் பூஞ்சணம். மச்சானுக்கு ஒரே சிரிப்பு: "வாப்பாக்கு ஒங்க மேல தனிப் பிரியம்!" எரிச்சல்.

ஜூன் 13.
மழை. பெட்டியை விற்கலாமா என்று கேட்க வார்ட் தெருப் படக்காரர் செல்லையாவிடம். யாழ்ப்பாணத்தார். "விக்கிறது கிடக்கட்டும் தம்பி. உள்ளுக்கை எடுத்த சுருள் கிடக்கு. திறந்துபோடாதையும், வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு." கழுவுகிற மருந்து சனிதான் வருமாம். பெட்டியைத் திரும்பவும் வீட்டுக்குச் சுமந்தேன்.
வாங்க: சீனி, குடைக்கம்பி, சாச்சிக்குத் தைலம்.
சாச்சியிடம் (உம்மாவின் தங்கை, என்னை வளர்த்தவர்) சொன்னேன். வெற்றிலை வாய்க்குப் போகாமல் நின்றது. "ஒங்க உம்மாவத்தான் எடுத்தாரு. மௌத்தாக முன்னால, ஒரே ஒரு நாள். உருவப்படம் ஹராமெண்டு ஒங்க வாப்பா குதிச்ச குதியில பொட்டிய மூடினவரு, பொறகு தொடல்ல."
நான் கைக்குழந்தையாக இருக்கையிலேயே இறந்துவிட்ட உம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. யாரைக் கேட்டாலும் "நல்ல வெள்ள" என்பதோடு சரி. பார்க்க வேண்டும். எப்படியாவது.

ஜூன் 14.
சாச்சி ஓயவில்லை. "அந்நிய ஆம்பிள இருட்டறைக்குள்ள வெச்சி எங்கட பொம்புளயளப் பாக்கிறதா?"
"பாக்கிறதில்ல சாச்சி, கழுவுறது."
"கழுவுறதா? அஸ்தக்ஃபிருல்லாஹ்!"
தலையிடி.

ஜூன் 15. வெள்ளி.
ஜும்ஆ முடிந்து வந்தால் ஜன்னலடியில் சாச்சி. மடியில் கேமரா, திறந்து. கையில் சுருள், பாதி விரித்து! படக்காரர் பார்க்குமுன் உம்மாவை மட்டும் வெட்டி எடுத்து ஒளித்துவைக்கப் பார்த்தாராம். "ஒண்டுமே இல்லயே மகன், பாலாடை மாதிரி ஈக்குது." கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மிச்சத்தைச் சால்வைக்குள் பொத்திக்கொண்டு செல்லையாவிடம் ஓட்டம். சாச்சி அழுகை. அழட்டும்.

ஜூன் 19.
மழை விட்டது. செல்லையா: "உள்சுத்திலை ஒண்டு தப்பியிருக்கு."
மங்கல். முற்றம், கதிரை, கதிரையில் உம்மா, மடியில் கைக்குழந்தையாக நான். முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடியிருக்கிறார். படமெடுத்த சொந்த அண்ணனுக்குமா மறைப்பு!
சாச்சிக்குப் பரம நிம்மதி. "நான் செல்லல்லயா, ஒங்க உம்மா மானமுள்ளவ."
எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஒரு நிமிஷம் விலக்கியிருந்தால் என்ன குறைந்துவிடும்?
ஒரு கை மட்டும் தெரிகிறது, என் காலை இறுகப் பிடித்தபடி. விரல்கள் நல்ல நீளம். இத்தனை வருஷத்தில் ஒரு ஆளாவது இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா.