தகரம் தட்டி விரட்டிய பறவை

அன்பு மகளுக்கு,

பன்னிரண்டு நாளாக உன் போன் கிடைக்கவில்லை. அதனால் அஸ்ஸாம் பறவை ஆய்வு முகாம் விலாசத்துக்கு எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் கோட்டை விட்டவன் எழுத்து, சிரித்துவிட்டு மேலே படி.

போன வாரம் ஐந்தருவித் தோட்டத்தில் ஒரு கறுப்புப் பறவை கொய்யாப்பழத்தைக் கொத்தியது. வழக்கம்போல் தகரத்தைத் தட்டி விரட்டினேன். பறக்கும்போதுதான் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து உன் புத்தகத்தைப் புரட்டினால், நீ தேடிப்போன அதே சைபீரியப் பூங்குருவி. அதைத் தகரம் தட்டி விரட்டிய ஒரே விஞ்ஞானி உலகத்திலேயே உன் அப்பாதான்.

அன்று மாலை டிவியில் உங்கள் பக்கம் மண்சரிவு என்றார்கள். சட்டென்று அணைத்துவிட்டேன்.

"மவ பேசுனாளா?" என்றாள் உன் அம்மா.

"பேசுனா. நீ மாத்திரை போட்டியான்னு கேட்டா."

அன்றிலிருந்து தினமும் உனக்காக நானே பேசுகிறேன். நேற்று அவள், "நாளைக்கு எங்கிட்ட குடுங்க, அவ குரலக் கேக்கணும்" என்றுவிட்டாள்.

தகரத்தைப் பரண்மேல் போட்டுவிட்டேன். விழுந்த பழங்களைப் பொறுக்காமல், தினமும் காலையில் மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிறேன். வழி தவறி நம்ம ஊருக்கு வந்த அந்தப் பறவை திரும்பிவந்தால் நீயும் பத்திரம் என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு.

இன்று வந்தது. சந்தோஷத்தில் வீட்டைப் பார்த்து, "வந்துட்டு, வந்துட்டு" என்று கத்தினேன். பறவை பறந்துவிட்டது. அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"எங்க, மவளா?" என்றாள்.

மண்சரிவு, என் பொய் எல்லாமே அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு மிஸ்டு கால் கொடு, போதும்.

இப்படிக்கு,
இனித் தகரம் தட்டாத
உன் அப்பா