ஒட்டடைக்குச்சி திட்டியதன் பொருள் குறித்து

அனுப்புநர்:
உரிமையாளர்,
பை தைக்கும் கடை,
பேருந்து நிலையத்தின் பின்சந்து (ஜெராக்ஸ் கடைக்கு மாடி).

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்.

பொருள்: வெளிநாட்டுப் பயணி ஒருவர் மூன்றாம் கவுன்ட்டர் அலுவலரைத் திட்டியதாகத் தங்கும் அனுமதி மறுக்கப்பட்டமை – அவர் திட்டவில்லை, நன்றி சொன்னார் என விளக்குதல் – அவர் திரும்பி வர அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் பை தைக்கும் கடை நடத்தி வருகிறேன். பள்ளிப் பை, பயணப் பை, அறுந்த வார், ஓடாத ஜிப் எல்லாவற்றுக்கும் எங்களிடம் வருவார்கள். கடையில் நானும், ரெக்சின் வெட்டித் தரும் அக்காவும், மிஷினில் தைக்கும் பெண்கள் சிலரும் இருக்கிறோம். ஆண் வாடையே கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

2. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், முதுகுப்பையின் வார் அறுந்துபோய் அவர் எங்கள் கடை ஏறி வந்தார். வந்ததும் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி, உச்சியில் பரட்டை. வெட்டும் அக்கா பார்த்த மாத்திரத்தில் 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் வைத்துவிட்டார். தங்கள் ஆவணங்களில் அவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அது எங்கள் யார் வாயிலும் நுழையாததால், இம்மனுவிலும் கடைப் பெயராலேயே குறிப்பிட அனுமதிக்க வேண்டுகிறேன்.

3. தன் ஊரில் அவர் படகுகளுக்குப் பாய் தைப்பவர். எங்கள் கனத்துணி மிஷினைக் கண்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர் போல உட்கார்ந்துவிட்டார். வாரைத் தைத்துக் கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார். பயணியாக வந்தவர் வேலை பார்க்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். அவர் வேலை பார்க்கவில்லை ஐயா. சும்மா இருக்க முடியாமல் கை வைத்தார், அவ்வளவுதான்.

4. வரும்போது அவரிடம் மொழி கற்கும் புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் 'தாங்கள் நலமாக உள்ளீர்களா' என்று கேட்டார். கடை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு புத்தகத்தை மூடிவிட்டு, எங்களையே கவனித்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

5. அவர் கவனித்தது இதுதான். காய்ச்சலோடு வேலைக்கு வந்த பெண்ணை, "அடி சனியனே, இந்த உடம்போட ஏண்டி வந்து தொலைச்ச? போய்ப் படுடி" என்று அக்கா திட்டினார், திட்டிக்கொண்டே தன் சால்வையை எடுத்துப் போர்த்தியும் விட்டார். கடையைக் காலி செய்யச் சொல்லி எங்களை அலைக்கழித்துக்கொண்டிருந்த கட்டட உரிமையாளர் வந்தபோதோ, நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்கண்ணே, உட்காருங்க, சொல்லுங்க" என்றேன். இரண்டையும் ஒரே காலைப் பொழுதில் அவர் பார்த்தார். பிடிக்காதவர்களுக்குத்தான் மரியாதை, பிடித்தவர்களுக்குத் திட்டு என்று முடிவு கட்டிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால் அதில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் முழுவதும் எங்கள் கடை மாதிரிதான் இருக்கும் என்று நினைத்தார் பாருங்கள், அதுதான் பிழை.

6. பெண்களிடமே கற்றதால் எங்கள் பேச்சோடு எங்கள் சாடையும் அவருக்கு ஒட்டிக்கொண்டது. தாடி வைத்த ஆறடி ஆள், கோபம் வந்தால் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வார். ஆச்சரியம் வந்தால் வாயில் கை வைத்து "அடியாத்தீ" என்பார். ஜிப் மொத்த வியாபாரி ஒருநாள் சரக்கைத் தானே சுமந்து மாடி ஏறி வந்தார் என்பதற்காக, "நாசமாப் போறவனே, இடுப்பு என்னடா ஆகும்?" என்று நெஞ்சுருகக் கேட்டார். வியாபாரி நல்ல மனிதர், சிரித்துவிட்டார். ஒட்டடைக்குச்சியின் விரலில் ஊசி ஏறியபோது கட்டுப்போட்ட நர்ஸ் அப்படிச் சிரிக்கவில்லை. "அடிப்பாவி, நீ நல்லாருப்பியா, இவ்வளவு மெதுவாக் கட்டுற" என்று அவர் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். அக்கா நேரில் போய் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. அப்போதே அவரை உட்காரவைத்துத் திருத்தியிருக்கலாம். அந்தப் பேச்சைக் கேட்காமல் எங்களுக்குப் பொழுது போகாது என்ற நிலை வந்துவிட்டதால், யாரும் திருத்தவில்லை.

7. இனி தங்கள் அலுவலகத்தில் நடந்தது. அனுமதியை நீட்டிக்கும் விண்ணப்பத்தோடு அவர் வந்தபோது நானும் உடன் வந்தேன். விண்ணப்பதாரர் மட்டுமே உள்ளே வரலாம் என்று கூறி என்னை வெளி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே விண்ணப்பத்தில் புகைப்படம் ஒன்று குறைந்திருக்கிறது. மூன்றாம் கவுன்ட்டர் அலுவலர் அவரைத் திருப்பி அனுப்பாமல், பழைய கோப்பிலிருந்த படத்தைத் தேடி எடுத்துத் தன் கையாலேயே ஒட்டித் தந்திருக்கிறார். சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. அவருடைய டிபன் டப்பா மேசை ஓரத்தில் மூடியபடி இருந்ததாம். இதைக் கண்டு மனம் நிறைந்துபோய், ஒட்டடைக்குச்சி கூடம் முழுவதும் கேட்கச் சொன்னது: "அட கட்டையில போறவனே! மூஞ்சியப் பாரு, செத்த எலி மாதிரி. முதல்ல போய்த் தின்னு தொலைடா!"

8. 'விண்ணப்பதாரர் அலுவலருக்கு மரண அச்சுறுத்தல் விடுத்ததோடு, அவரது தோற்றத்தையும் இழிவுபடுத்தினார்' என்று ஆணையில் எழுதப்பட்டுள்ளது. இந்த வாசகத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். நாள் முழுவதும் அந்தக் கூடத்தில் எத்தனையோ பேர் அந்த அலுவலரை 'சார்' என்றும் 'ஐயா' என்றும் அழைத்திருப்பார்கள். சாப்பிட்டாரா என்று கேட்டவர் இவர் ஒருவரே. பின்னர் நான் அந்த அலுவலரைச் சந்தித்து விளக்கியபோது, அவர், "எங்க வீட்லயும் இப்படித்தாம்மா திட்டுவாங்க" என்றார். ஆனால் கையொப்பமாகிவிட்ட ஆணையைத் தன்னால் மாற்ற முடியாது, மேலிடத்துக்குத்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். அவர் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

9. என்னைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு வயது முப்பத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன கடையை நடத்துவதால் சந்தில் எல்லோரும் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார்கள். யாரையும் விட்டுவைக்காத அக்காகூட, முதலாளி என்று என்னிடம் மட்டும் நாக்கை அடக்குவார். அம்மா போன பிறகு என்னை உரிமையோடு திட்ட ஆளே இல்லாமல் போயிற்று. ஒட்டடைக்குச்சி தினமும் படியேறி, தலையை இடித்துக்கொண்டு, "ஏ கிறுக்கு, சாப்பிட்டியா?" என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன். எருமை என்பேன், தண்டம் என்பேன், நூலை வீணாக்குகிறாயே பாழாய்ப் போனவனே என்பேன். கடையில் மற்ற எல்லோரையும் சேர்த்துத் திட்டியதைவிட அவரை அதிகமாகத் திட்டியிருக்கிறேன். இதன் பொருளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

10. அவர் கிளம்பிய அன்று கடை மொத்தமும் பேருந்து நிலையத்துக்கு வந்தது. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அவர் எல்லாவற்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டு, கடைசியாக என்னைப் பார்த்தார். எப்போதாவது வெளியூரிலிருந்து வந்து போகும் என் அண்ணன் பக்கத்தில் நின்றார். சந்துக்காரர்கள் நின்றார்கள். கட்டட உரிமையாளரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அத்தனை பேருக்கு நடுவில் என் வாயிலிருந்து வந்தது, "பத்திரமா போயிட்டு வாங்க. உடம்பப் பாத்துக்குங்க" என்பதுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க. ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டார். வண்டி திரும்பிய பிறகுதான், அவருடைய கணக்கில் நான் என்ன சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

11. தொலைபேசியில் சரிசெய்துகொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். முயன்றேன். அவர் எடுத்து, "சொல்லுங்க" என்கிறார். அந்த 'ங்க'வைக் கேட்டதும் நானும், "சும்மாதாங்க, நல்லா இருக்கீங்களா?" என்கிறேன். இருவரும் மரியாதையாக நலம் விசாரித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம். எழுதியும் பார்த்தேன். தாளில் 'எருமை' என்று எழுதினால் அது வெறும் மாடாகத்தான் நிற்கிறது. திட்டுவதற்கு ஆள் எதிரில் இருக்க வேண்டும் ஐயா. முகத்தைப் பார்க்க வேண்டும், கையில் கிடைத்ததை எடுத்து எறிய வேண்டும்.

12. தலையை இடித்துக்கொண்டாலும் அவருக்கு வலிக்காமல் இருக்க, பை வாருக்குள் வைக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி அக்கா நிலைப்படியில் ஒட்டியிருந்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. எங்களில் யாருடைய தலையும் அவ்வளவு உயரம் எட்டாது. அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காலையில் படியில் காலடிச் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எங்களிடம் கொடுத்துவைத்த சாவியை வாங்க வந்திருப்பார். ஒட்டடைக்குச்சி இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இதை அலுவலக நடையில் எப்படி எழுதுவது என்று தெரியாததால் அப்படியே எழுதியிருக்கிறேன்.

13. ஆகவே, மேற்படி ஆணையை ரத்து செய்து, அவர் திரும்பி வர அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அலுவலகங்களில் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குக் கற்பிக்க நான் உறுதி கூறுகிறேன். கடைக்குள் அவர் எப்படிப் பேசுவார் என்பதற்கு மட்டும் உறுதி கூற இயலாது. விசாரணை தேவையெனில் அக்காவை அழைத்து வருகிறேன். அவர் திட்டிக் காட்டினால் தங்களுக்கே விளங்கும்.

14. கடைசியாக ஒரு வேண்டுகோள். அனுமதி ஆணையில் 'தாங்கள் வரலாம்' என்று மரியாதையாக எழுதினால், யாரோ தன்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று அவர் பயந்து வராமலே இருந்துவிடக்கூடும். 'வந்து தொலைடா எருமை' என்று அரசு முத்திரையோடு எழுத இயலாது என்பதை நான் அறிவேன். எனவே ஆணையின் நகல் ஒன்றை என்னிடம் தந்தால் போதும். அதை எப்படிச் சொல்ல வேண்டுமோ, இந்த முறை ஊரே நின்று பார்த்தாலும், நான் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்காகப் படியைப் பார்த்துக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
மனுதாரர்,
பை தைக்கும் கடை உரிமையாளர்

இடம்: கடை மாடி
நாள்: பள்ளிகள் திறக்கும் வாரம், திங்கட்கிழமை

இணைப்பு: மறுப்பு ஆணையின் நகல், வெட்டும் அக்காவின் கைநாட்டுடன் கூடிய நன்னடத்தைச் சான்று (ஒட்டடைக்குச்சி 'தண்டம், ஆனாத் தங்கம்' என்று அவர் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டுள்ளது).