ஜெபத்தில் விடுபட்ட பெயர்

ஆகஸ்ட் 6, 2024

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எபனேசர் அண்ணன் வந்து, வீட்டை விற்றுவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு பிளாட்டுக்குப் போகிறோம் என்றான். லிப்ட் இருக்கிறதாம். அவன் பெண்சாதி இன்பமணி மைனிக்கு முழங்கால் வலி, இவனுக்கு எழுபத்தாறு ஆகிறது, பாளையங்கோட்டையில் இவ்வளவு பெரிய வீட்டை யார் பெருக்குவது என்றான். தினமும் பெருக்குகிற என்னிடமே கேட்டான். பிளாட்டை பெங்களூரில் இருக்கும் மகன் ஹெப்ரான் பேரில் வாங்கப் போகிறார்கள். பிற்பாடு பேர் மாற்றுகிற அலைச்சல் இருக்காதாம்.

நான் எங்கே இருப்பேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9

சொல்லிவிட்டான். "ஒனக்குத் தனி ரூம் இருக்குளா, பெர்சிஸ். ஜன்னலத் தெறந்தா ஆறு தெரியும்."

சாயங்கால ஜெபத்திலும் அதைக் கர்த்தருக்குத் தெரிவித்தான். அண்ணன் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித்தான் ஜெபிப்பான். மைனி, ஹெப்ரான், மருமகள், பேரப்பிள்ளைகள், கடைசியில் "என் தங்கச்சி பெர்சிஸ்". அப்பா காலத்து வழக்கம். எங்கள் வீட்டில் ஒரு காரியம் ஜெபத்தில் வந்துவிட்டால் முடிந்தது, அதற்குமேல் பேச்சில்லை. ஆமென் சொன்னேன்.

ஆகஸ்ட் 20

வக்கீல் சுகிர்தாவின் ஆபீஸ். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், அப்போதே வாயாடி.

அப்பா தன் உயிலில் வீட்டை அண்ணனுக்குக் கொடுத்து, கல்யாணம் ஆகாத எனக்கு ஆயுசு உள்ளவரை அதில் குடியிருக்கும் உரிமையை எழுதியிருக்கிறார். அதை நான் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால்தான் வாங்குகிறவர் வாங்குவார். அண்ணன் போன் பேச வெளியே போனதும் சுகிர்தா குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், கையெழுத்துப் போட்டுட்டா ஒங்களுக்கு எங்கயும் ஒண்ணும் கெடையாது. புது வீட்டுல கடைசிவரைக்கும் குடியிருக்க ஹெப்ரான் எழுதிக் குடுக்கணும். சாருக்கும் அவங்க வீட்டம்மாவுக்கும் சேர்த்தே எழுதிருவோம். யாரு துட்டுன்னாலும் வீடு மகன் பேர்லதான இருக்கு?"

ஆகஸ்ட் 21

கூடப்பிறந்தவனிடம் எழுதி வாங்குவதா?

ஆகஸ்ட் 27

கேட்டேவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான்.

"என்னைய நம்பலையாளா?"

"ஒன்னய நம்புதேன். நீ போன பெறகு நான் யார நம்பட்டும்?"

முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டிருப்பவனிடம் சாவைப் பேசுகிற வாய் எனக்கு. எப்போதும் இப்படித்தான். "எம் பிள்ளையக் கள்ளனாக்கிட்டியே" என்று மைனி அழுதாள்.

ஆனால் கேட்டது தப்பா? அறுபத்தொன்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போய் நிற்பேன்?

செப்டம்பர் 12

எல்லாம் இன்று பதிவாயிற்று.

ஹெப்ரான் எழுதித் தர வேண்டிய குடியிருப்பு உரிமைப் பத்திரத்தில் சுகிர்தா எங்கள் மூன்று பேர் பெயரையும் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டு, "எங்க ரெண்டு பேரு பேரையும் எடுத்திரும்மா. அவ பேரு மட்டும் இருக்கட்டும். நாங்க பெத்த பிள்ளைய நம்புதவங்க" என்றான். அவள் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "ஒருத்தி எழுதி வாங்குனது போதும்" என்று முடித்துவிட்டான். ஹெப்ரான் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

அவர்கள் பெயர் இல்லாமல் நானும் போட மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது — வாயை மூடிக்கொண்டேன். சீ! பேசக் கூடாத நேரத்தில் பேசுகிறேன், பேச வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடுகிறேன்.

சாயங்கால ஜெபத்தில் மைனி வந்தாள், ஹெப்ரான் வந்தான், மருமகள், பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பிறகு ஆமென்.

செப்டம்பர் 13

இன்றும் என் பெயர் இல்லை.

அக்டோபர் 4

குடிவந்தாயிற்று. ஆறு தெரிகிறது, அதைவிடப் பலமாக பஸ் சத்தம் கேட்கிறது. அப்பாவின் மேசை லிப்டில் ஏறாததால் கீழேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். குருவானவர் வீட்டைப் பிரதிஷ்டை செய்ய வந்தார். "வீட்ல யார் யார் இருக்கீங்க? பேர் சொல்லி ஜெபிக்கலாம்" என்றார்.

"எல்லாரும்தான் ஐயா" என்றான் அண்ணன்.

நவம்பர் 24

புன்னக்காயல் மீன் என்று சொல்லி அண்ணன் வாங்கிவந்தான். வால் துண்டை என் தட்டில் வைத்தான், கேட்காமலே. சின்ன வயதிலிருந்து எனக்கு வால் துண்டுதான். ஜெபத்தில் மட்டும் நான் இல்லை.

கிறிஸ்துமஸ் கழியட்டும். உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மன்னிப்புக் கேட்டால் என் தலை ஒன்றும் இறங்கிவிடாது.

டிசம்பர் 9

அண்ணன் போய்விட்டான். பல் தேய்த்துக்கொண்டிருந்தவன்.

டிசம்பர் 12

கிறிஸ்துமஸ் வரை எதற்குக் காத்திருந்தேன்? எந்த மடச்சி இதற்கெல்லாம் நாள் பார்ப்பாள்?

பிப்ரவரி 16, 2025

பெங்களூரிலிருந்து ஹெப்ரான் வந்தான். பிளாட்டை விற்கப் போகிறானாம். அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகிறான். எனக்கு நல்ல இல்லம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். கையில் நான் கையெழுத்துப் போட வேண்டிய விடுதலைப் பத்திரம்.

"ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தை இவ்வளவு பெரிய வீடு?"

அப்படியே அப்பனின் பேச்சு.

மைனி அடுக்களை வாசலில் நின்று, "நான் அங்கன வரலப்பா. பாஷ தெரியாது, கோயிலுக்குக்கூட ஒருத்தர் கூட்டிட்டுப் போவணும்" என்றாள். "நீங்க சும்மா இருங்கம்மா" என்றான். மைனி உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பேச என்ன இருக்கிறது? அவள் பெயர்தான் எதிலும் இல்லையே. என் மேல் வந்த கோபத்தில் அண்ணன் எடுக்கச் சொன்ன பெயர்.

இந்த முறை வாயைத் திறந்தேன். "ஒங்கம்மா பேரையும் எழுதிக் கொண்டு வாலே. எங்க ரெண்டு பேரு காலம் முடியட்டும், அப்புறம் ஒன் இஷ்டம்."

"இதுக்குத்தான் அன்னைக்கு எழுதி வாங்குனீங்களா அத்தை?"

இல்லை. இதற்காக வாங்கவில்லை. எனக்காக மட்டும்தான் வாங்கினேன்.

மார்ச் 1

சுகிர்தாவைப் பார்த்தேன். ஹெப்ரான் அம்மாவுக்கு எழுதித் தர மறுத்துவிட்டான். என் உரிமை இருக்கும்வரை பிளாட்டை வாங்க யாரும் வர மாட்டார்கள் என்கிறாள். நான் இருக்கும்வரை மைனியும் இருக்கலாம். அதாவது மைனிக்கு முன்னால் நான் சாகக் கூடாது. இதை யாரிடம் எழுதி வாங்குவது?

மார்ச் 9

மைனி தன் கட்டிலை என் அறையில் போடச் சொன்னாள். தனியாகத் தூக்கம் வரவில்லையாம். ஜன்னல் பக்கத்தைக் கொடுத்தேன்.

"இன்னைக்கு நீ ஜெபம் பண்ணுளா" என்றாள்.

அண்ணன் சொல்கிற வரிசையிலேயே சொன்னேன். மைனி, ஹெப்ரான், மருமகள், பிள்ளைகள். அடுத்து "என் அண்ணன் எபனேசர்" என்று நாக்கு வரை வந்துவிட்டது. மரித்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவன் என்னை மூன்று மாதம் விட்டான். நான் அவனை இனி என்றைக்கும் விட வேண்டும்.

அதோடு நிறுத்திவிட்டேன். ஆமென் கூடச் சொல்லவில்லை.

மைனி கண்ணைத் திறக்காமலே ஜெபத்தைத் தொடர்ந்தாள். "எங்க பெர்சிஸ்" என்றாள், அண்ணன் சொல்லும் அந்தக் கடைசி இடத்தில்.