உங்கள் சட்டைக்கும் ஒரு சொம்பு தண்ணீர்

கானத்தூர் குப்பம்,
சித்திரை, 2006

அன்புள்ள நிஷா அப்பாவுக்கு சரிதா எழுதிக்கொள்வது.

அங்காளம்மா புண்ணியத்தில் நிஷாவுக்கு அம்மை இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தண்ணீரும் ஊற்றினோம். முகத்தில் வடு இல்லை. மீன் விற்கிற வீட்டில் இத்தனை நாளாக மீன் வாசனையே இல்லையா, எழுந்ததும் வறுத்த வஞ்சிரம் கேட்கிறாள்.

அன்றைக்குப் போனில் நீங்கள் சொன்னதற்கு என்னால் பதில் பேச முடியவில்லை. போன் சரசு அக்கா வீட்டுடையது, அக்காவும் பக்கத்திலேயே நின்றாள். நமக்கு எச்.ஐ.வி. என்று அவளுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். "வூட்ல அம்மா வந்துகீறா, நான் எப்டி மாத்திரை போடுறது? நிறுத்திட்டேன். இப்போ வாந்தியே இல்ல, ஜம்முனு கீறேன்" என்றீர்கள். அம்மை போட்டது இங்கே பிள்ளைக்கு, மருந்தை நிறுத்தியது கர்நாடகத்து மல்பேயில் படகேறுகிற அப்பாவா? நல்ல பக்திதான் போங்கள்!

நானும் அதே மாத்திரைதானே? நான் நிறுத்தவில்லை. வாசலில் சொருகிய வேப்பிலைக்கு முன்னால் நின்று, "தாயே, இந்தப் பிள்ளையை வளக்க எனக்கு ஒடம்பு வோணும்" என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் முழுங்கினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

தாம்பரத்தில் மாளவிகா டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மருந்தை விட்டால் முதலில் சுகமாகத்தான் இருக்குமாம். உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி அதற்குள் எழும்பிவிடுமாம். உடம்பும் சும்மா இராமல் எதிர்த்துச் சண்டைக்குப் போகுமாம். ஆனால் சண்டைக்குப் போகிற அணுக்களையே அந்தக் கிருமி தின்கிறதாம். நெத்திலியை அனுப்பிச் சுறாவை விரட்டுகிற கதை. வெளிநாட்டில்கூட மருந்துக்கு இடைவெளி விட்டுப் பார்த்து, ஆபத்து என்று கைவிட்டுவிட்டார்களாம்.

தாமதிக்காமல் வந்தால் ரத்தம் பார்த்து மறுபடி ஆரம்பிக்கலாம், உடம்பு தேறும் என்றார். ஆஸ்பத்திரி வரிசையில் என்னோடு உட்காரும் எட்மண்ட் அண்ணனும் இப்படி நிறுத்திப் படுக்கையில் விழுந்தவர்தான். இன்றைக்குப் பெருங்களத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறார். நீங்கள் தாம்பரத்தில் இறங்கினால் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. கேலி பேசுவதும் அந்தப் பயத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை நிஷாவுக்கு ஊற்றிய வேப்பிலைத் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து, கொடியில் கிடந்த உங்கள் நீலச் சட்டைக்கும் ஊற்றினேன். சரசு அக்கா, "இன்னாடி இது, சட்டைக்கா அம்மை போட்டுது?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். உங்களுக்கும் சேர்த்து அம்மாவை வழியனுப்பிவிட்டேன். இனி உங்களுக்கு ஒரு சாக்கும் இல்லை.

சட்டை காய்ந்துவிட்டது. போட்டுக்கொள்ள வந்துவிடுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
சரிதா